ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறை

ஆறுமுக நாவலர் 1849-ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஊர். கலித்தொகையை 1887-இல் ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த நாடு. இத்தனை பெருமைக்கும் உரிய யாழ்ப்பாணத்திலே, அச்சான புத்தகம் ஏழையின் கைக்கு எட்டிவிட்டதா என்று கேட்டால், எட்டியது மிகச் சொற்பம் என்றே சொல்ல வேண்டும். பண்டிதர் வீட்டுப் பெட்டகங்களிலும் கலாசாலைகளின் அலமாரிகளிலும் புத்தகங்கள் இருந்தன. ஆனால் அந்தப் படிகளை ஏறும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை.

இக்குறையைக் கண்டு வருந்தியவர்கள் பலர் இருந்திருக்கலாம். வருத்தத்தோடு நின்றுவிடாமல், 1933-ஆம் ஆண்டில் தம் சொந்த வீட்டிலேயே சில புத்தகங்களைச் சேர்த்துவைத்து, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இரவல் கொடுக்கத் தொடங்கியவர் க. மு. செல்லப்பா என்பவர். அவர் சமஸ்தானாதிபதியும் அல்லர், பெருநிலக்கிழாரும் அல்லர். புத்தகத்தை இரவல் கொடுப்பவன் அதனை இழக்கவும் துணிந்தவனாதல் வேண்டும் என்பதை, நல்ல நூலொன்றை நண்பரிடம் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் அறிவார்கள். அத்துணிவை முன்பின் அறியாதவர் பொருட்டும் மேற்கொண்டாரே, அதுவே என் மனத்தில் அவரை உயர்த்தி நிறுத்துகிறது.

ஒருவர் வீட்டுத் திண்ணை ஒரு நகரத்துக்குப் போதுமா? அன்பர்கள் கூடினார்கள்; 1934-இல் ஒரு குழு அமைந்தது; பணமும் புத்தகங்களும் திரட்டப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 1-ஆம் தேதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு அறையிலே, 844 புத்தகங்களோடும் சில செய்தித்தாள்கள், சஞ்சிகைகளோடும் நூல்நிலையம் திறக்கப்பட்டது. இக்காலத்தில் ஒரு பேராசிரியர் தம் வீட்டிலேயே அதனினும் மிகுதியாக வைத்திருப்பார். எனினும் அந்த 844-ம் எவருக்கும் தனிச்சொத்து அல்ல, ஊருக்குச் சொந்தம்.

மறு ஆண்டிலேயே நூல்நிலையத்தின் பொறுப்பை நகரசபை ஏற்றது. இதனை வெறும் நிர்வாக மாற்றமாக எண்ணிவிடலாகாது. நன்கொடையை நம்பி வாழும் ஸ்தாபனம், கொடுத்தவர்களின் உற்சாகம் தளரும்போது தானும் தளர்ந்துவிடும். ஊரார் செலுத்தும் வரிப்பணத்தில் நடப்பதோ அவர்களுடைய உரிமையாகிவிடுகிறது.

பின்னர் வந்த சரித்திரம் பலரும் அறிந்ததே. நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடும், சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மனின் திட்டத்தின்படியும் இந்நூல்நிலையத்துக்கெனத் திராவிடப் பாணியில் எழுந்த வெண்ணிற மாளிகை 1959-இல் திறக்கப்பட்டது. 1981-இல் மே மாதமும் ஜூன் மாதமும் சந்தித்த இரவிலே, ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அங்கே தீக்கிரையாயின. மாளிகையை மீண்டும் எழுப்பினார்கள். மறுபடி அச்சிடக்கூடிய நூல்களை மறுபடி வாங்கினார்கள். ஒரே பிரதியாக இருந்தவை போனவை போனவையே.

ஆதலால் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட குடும்பங்கள் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கின்றன. பாட்டனார் விட்டுச்சென்ற றங்குப்பெட்டியின் அடியிலே, 1930-களில் வெளிவந்த ஒரு சஞ்சிகையோ, ஒரு கூட்ட அறிவித்தலோ, ஒரு பழைய ஏடோ கிடந்தால், தயைகூர்ந்து அதனைக் குப்பையில் எறியாமல் அந்த நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.