இலாபம் பங்கிடாத வியாபாரம்



வறுமை ஒழிப்பு என்றதும் தனவந்தர் கொடுக்க வேண்டும், அல்லது அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்றே நாம் எண்ணுகின்றோம். இரண்டும் அவசியமே. ஆயினும், 1973 முதல் நம் நாட்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் போஷாக்குக் குறைந்த சிறாருக்கும் இலவசமாக வழங்கப்பட்டு வந்த திரிபோஷ மாவுக்கு, 2022 பொருளாதார நெருக்கடியின்போது நேர்ந்ததைச் சிந்தித்துப் பாருங்கள். போதிய சோளம் கிடைக்காமல் உற்பத்தியே தடைப்பட்டது. கொடுக்கும் கை சுருங்கினால் குழந்தையின் கோப்பையும் வெறுமையாகி விடுகின்றது. ஆகவே மூன்றாவது வழியொன்றையும் அறிந்து வைத்திருத்தல் நன்று. அதனைச் சமூக வணிகம் என்பர்.

பங்களாதேஷின் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் அவர்களின் கிராமீன் குழுமமும் பிரான்ஸின் டனோன் நிறுவனமும் 2006 இல் இணைந்து ஒரு கம்பனியை ஆரம்பித்தன. 2007 இல் பொக்ரா எனும் ஊரில் சிறியதொரு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இரும்புச்சத்து, நாகம், அயடின், விற்றமின் ஏ ஆகியன சேர்க்கப்பட்ட 'ஷொக்தி தோய்' எனும் தயிர் அங்கே தயாராயிற்று. 80 கிராம் கோப்பையின் விலை 5 டாக்கா. சுற்றுவட்டாரத்துச் சிறு மாட்டுப் பண்ணையாளர்களிடமே பால் வாங்கப்பட்டது. கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று விற்றுத் தரகு பெற்றனர்.

முதலிட்டவர் தமது முதலை மாத்திரமே திரும்பப் பெறலாம். இலாபம் தொழிலிலேயே தங்கி விடும் என்பதுதான் இதன் அடிப்படை. இதனைக் கேட்டதும் கர்ழ் ஹஸன் எனும் அழகிய கடன் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடனைக் கடனாளி திருப்பியே ஆக வேண்டும். இங்கோ தொழில் நட்டமடைந்தால் முதலிட்டவரின் பணமே குறையும். இன்னொன்றையும் கூறி வைக்கின்றேன். கிராமீன் வங்கி வட்டிக்குக் கடன் கொடுப்பது. அதனை நான் இங்கு சிபாரிசு செய்யவில்லை. நுண்கடன் நம் நாட்டுத் தாய்மாரை வாட்டிய வாட்டத்தினால் 2018 இல் அரசாங்கமே தலையிட நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

இம்முயற்சி தடையின்றி நடந்ததா? இல்லை. 2008 இல் பால் விலை உயரவே, தயிரின் விலையை 8 டாக்காவாக்கினர். கிராமங்களில் விற்பனை சரிந்தது; விற்ற பெண்களுட் பலர் விலகிச் சென்றனர். பின்னர் கோப்பையை 60 கிராமாகச் சிறிதாக்கி 6 டாக்காவுக்கு விற்றனர். டாக்கா நகரத்தாருக்குக் கூடிய விலைக்கு விற்று, கிராமத்து விலையைத் தாங்கினர். மூன்று டாக்கா என்பது நமக்கு அற்பம். ஏழைத் தாய்க்கு அது வாங்குவதா, விடுவதா என்ற கேள்வி.

நமது கற்பிட்டிக் கரையில் மீனுக்குக் குறைவில்லை. நெத்தலி போன்ற சிறு மீனை மணல் படாது தட்டுகளில் உலர்த்தி, சிறு பொதிகளாக்கி, ஊருக்குள் குறைந்த விலைக்கும் கொழும்புக் கடைகளுக்குக் கூடிய விலைக்கும் கொடுத்தால் என்ன? முள்ளோடு உண்ணும் சிறு மீனில் கல்சியம் நிறைய உண்டு. ஆனால் இதற்கு ஸகாத் நிதியில் கை வைக்க வேண்டாம். அது எட்டுக் கூட்டத்தாரின் உரிமை. மனமுவந்து முதலிடுவோரைத் தேடுங்கள்.

இளைஞர்களே, முதலில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவிலுள்ள பத்து வீடுகளுக்குச் செல்லுங்கள். பிள்ளைகள் காலையில் எதை உண்கின்றனர், அதற்கு எத்தனை ரூபாய் செலவாகின்றது என்பதை எழுதுங்கள். பொதியின் விலையை அந்தக் கொப்பியைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.