உங்களுக்குத் தெரியுமா? கடைசி பெஞ்சும் சின்னத்திரையும்

மாமியார்–மருமகள் சண்டையை நம்பாமல் ஓடிய தமிழ்த் தொடர் ‘கனா காணும் காலங்கள்’. 2006-இல் விஜய் டிவியில் தொடங்கிய அதன் நாயகர்கள் பள்ளிச் சீருடைப் பிள்ளைகள். தலைப்பு, ‘7ஜி ரெயின்போ காலனி’ (2004) படத்துக்கு நா. முத்துக்குமார் எழுதிய பாட்டிலிருந்து எடுத்தது. தொடரில் நடித்த இர்ஃபானும் பாலாஜியும் 2009-இல் ‘பட்டாளம்’ படத்துக்குப் போனார்கள். 2022-இல் தொடர் புது முகங்களோடு ஹாட்ஸ்டாருக்கும் வந்தது.

அமெரிக்காவில் இதே வகையில் வந்த ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ (1999) அவ்வளவு கொடுத்துவைத்ததல்ல. எடுத்தது 18 பகுதி. 12 ஒளிபரப்பானதும் என்பிசி நிறுத்திவிட்டது. பிறகுதான் கொண்டாடினார்கள்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ அந்த வயதில் ஏது டிவி? பெரும்பாலும் விடிகாலை ஸ்டடி, வாராந்திரத் தேர்வு, இரவு மறுபடி ஸ்டடி. 2007-இல் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை மாநில அரசு எடுத்துவிட்டது. மருத்துவம், பொறியியல் இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே சாவியானது. மாநிலமெங்கும் இருந்து பெற்றோர் இங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தையே ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம்தான் ஓடியது. வேடிக்கை கலந்த சோகத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான கதைக்களம் எது? இன்னும் யாரும் உருப்படியாக எடுக்கவில்லை என்பதே என் குறை.

பிறகு விதிகள் மாறின. 2017-இல் தமிழ்நாட்டிலும் மருத்துவத்துக்கு நீட் நுழைவுத்தேர்வு வந்தது. மாநில ரேங்க் பட்டியலும் நின்றது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2017–18 கல்வியாண்டில் தொடங்கியது.