கல்தூசியும் நுரையீரலும்

பேத்தமங்களாவிலிருந்து குடிநீர் பெற்ற கோலார் தங்கவயலில், பாறையைத் துளைத்த சுரங்கத் தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். சிலிக்காத் தூசியில், ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கிலும் சிறிய துகள்களே பெரும்பாலும் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளை எட்டுகின்றன. அங்குள்ள விழுங்கணுக்கள் அவற்றைக் கிருமிகளைப் போலவே விழுங்குகின்றன. கிருமி செரிக்கும், படிகம் செரிப்பதில்லை. அது உயிரணுவின் செரிமானப் பையைச் சிதைக்க, நொதிகள் கசிந்து உயிரணு மடிகிறது. வெளிப்பட்ட துகளை மற்றோர் அணு விழுங்கும். இவ்வாறு தொடரும் அழற்சியினால் தூண்டப்பெற்ற நாரணுக்கள் கொலாஜன் இழைகளைச் சுரந்து, மெல்லிய திசுவை வடுவாக்குகின்றன. காசநோய் பற்றும் வாய்ப்பும் மிகுகிறது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எனினும் தூசியை விட்டு விலகிய பின்னரும் இந்நோய் முற்றக்கூடும். வடுவை நீக்கும் மருந்து இல்லை. ஆகவே, கல்லுடைக்கும் இடங்களில் நீர் பாய்ச்சித் துளைத்துத் தூசியை எழாமற் செய்வதே தக்க காப்பாகும்.