கார்ப்பெட் சீக்கிரம் வீணாகிறதா? துவைப்பதைவிட காயவைப்பதுதான் முக்கியம்!

பொத்தேரி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் கல்லூரி மாணவர்களும், மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் அதிகம். வெறும் டைல்ஸ் தரை போரடிக்கிறது என்று ஆன்லைனில் ஒரு கார்ப்பெட் ஆர்டர் போடுவது இப்போது சாதாரணம். ஆனால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதில் முடை நாற்றம் வந்துவிடுகிறது, நடக்கும் இடம் மொட்டையாகிறது, ஓரம் சுருள்கிறது. 'மட்டமான சரக்கு' என்று திட்டிவிட்டு அடுத்ததைத் தேடுகிறார்கள்.

பல நேரம் தப்பு சரக்கில் இல்லை, பராமரிப்பில்தான். கார்ப்பெட்டின் ஆயுளை முடிவு செய்வது இரண்டே விஷயங்கள்: மண், ஈரம். ஜி.எஸ்.டி. சாலையின் தூசும், கடலோர மாவட்டத்தின் புழுக்கமும் சேரும் பொத்தேரியில் இரண்டுக்குமே பஞ்சமில்லை.

கார்ப்பெட் எப்படித் தேய்கிறது?

கண்ணுக்குத் தெரியும் கறை அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். நூலை அறுப்பது கண்ணுக்குத் தெரியாத பொடி மணல். அது இழைகளுக்கு நடுவே இறங்கி அடியில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் உப்புத்தாள் மாதிரி இழையின் அடிப்பகுதியை அராவும். கதவிலிருந்து சோபா வரை ஒரு 'பாதை' மட்டும் தேய்ந்துபோவது இதனால்தான்.

நம் வீடுகளில் செருப்பை வெளியே விடுவது நல்ல பழக்கம். ஆனால், வெறுங்காலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். அது இழையில் ஒட்டி, தூசைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதலில் இது என்ன நூல்?

பின்பக்க லேபிளைப் பாருங்கள். கழுவும் முறை நூலுக்கு நூல் மாறும்.

- பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர்: இழை தண்ணீரைக் குடிக்காது. ஆனால் எண்ணெயை விடாது. சூடான அயர்ன் பாக்ஸ் பட்டால் உருகிவிடும்.
- கம்பளி: பிளீச் கூடவே கூடாது, நூலையே கரைத்துவிடும். சலவை சோடாவும் வேண்டாம். காரம் இல்லாத மைல்டு லிக்விட் போதும்.
- பருத்தி: துவைக்கலாம். சாயம் போகுமா என்று ஈரமான வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.
- சணல்: தண்ணீர் பட்டால் பழுப்புத் திட்டு வரும். தூசு எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.
- விஸ்கோஸ், ஆர்ட் சில்க்: ஈரமானால் இழை பலமிழக்கும். வீட்டில் கழுவ முயற்சிக்க வேண்டாம்.

லேபிள் இல்லையா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ். உருகி உருண்டையானால் செயற்கை இழை.

வாராவாரம் என்ன செய்யணும்?

நடமாட்டம் உள்ள இடத்தில் வாரம் 2 முறை வாக்யூம் போடுவது நல்லது. வேகமாக இழுத்தால் மேல் தூசுதான் வரும். மெதுவாக, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் போக வேண்டும். மாதம் ஒருமுறை கார்ப்பெட்டைக் கவிழ்த்துப் போட்டு பின்பக்கமும் போடுங்கள். தூக்கிப் பார்த்தால் அடியில் உதிர்ந்த மணல் தெரியும்.

வாக்யூம் இல்லாத பேச்சிலர் ரூம்களில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டு, பின்பக்கம் லேசாகத் தட்டலாம். ஆனால் பின்னால் ரப்பர் பூச்சு இருந்தால் தட்டவோ மடக்கவோ கூடாது, பூச்சு வெடிக்கும்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாப் போட்டுவிட்டு, டைல்ஸ் காய்வதற்குள் கார்ப்பெட்டை விரித்துவிடுவது. அந்த ஈரம் வெளியேற வழியே இல்லை. நாற்றம் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். தரை முழுக்க உலர்ந்த பிறகு விரியுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

சாம்பார் கொட்டிடுச்சு, இப்போ?

தேய்க்காதீங்க. தேய்த்தால் கறை அகலமாகும், உள்ளேயும் இறங்கும். கெட்டியானதை ஸ்பூனால் வழித்துவிட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும்.

மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும், அதுதான் காரணம். அதே குர்குமின் வெயிலில் வெளுத்துவிடும். எனவே பருத்தி விரிப்பு என்றால் கழுவிவிட்டுச் சில மணி நேரம் வெயிலில் போட்டாலே கறை நன்றாக மங்கும்.

எண்ணெய் சிந்தினால் சோள மாவைத் தூவி, கொஞ்ச நேரம் கழித்து வாக்யூம் போடுங்கள். துளி மாவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் எறும்புக்கு விருந்து.

ஷாம்பு வாஷ் அவசியமா?

'கழுவினதுக்கு அப்புறம்தான் இன்னும் சீக்கிரம் அழுக்காகுது' என்ற புகாரில் உண்மை இருக்கிறது. சரியாக அலசாத ஷாம்பு இழையில் பசையாக நின்று புதுத் தூசை இழுக்கும். அதனால் குறைவான ஷாம்பு, நிறைய அலசல் என்பதுதான் கணக்கு.

அதைவிட முக்கியம், காயவைப்பது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் வராது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பால்கனியில் ஒரு ஜீன்ஸே 2 நாளில் காயாது. கெட்டியான கார்ப்பெட் எப்படிக் காயும்? பெரிய வாஷை பிப்ரவரி முதல் மே வரை வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் நல்லதுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. கத்திரி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் ரப்பர் பூச்சு பொடியும், சாயம் வெளுக்கும். அந்த வகைகளை நிழலில், காற்றோட்டமாக, இரண்டு பக்கமும் ஃபேன் காற்று படும்படி தொங்கவிடுங்கள்.

வீசிங் இருக்கிறவர்கள் கவனிக்க

மனிதத் தோல் செதில்களைத் தின்று வாழும் 'டஸ்ட் மைட்' எனும் நுண்ணுயிரி, கார்ப்பெட்டிலும் மெத்தையிலும் பெருகும். அதன் கழிவு தும்மல், ஆஸ்துமா போன்றவற்றைத் தூண்டும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அது பெருகுவது குறையும். நம் ஊர்க் காற்றில் அந்த அளவு வறட்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எனவே வீசிங் இருப்பவர் படுக்கும் அறையில் கார்ப்பெட்டே வேண்டாம். ஹாலில் இருந்தால், சுத்தம் செய்யும் நேரத்தில் அவர் வேறு அறையில் இருக்கட்டும். சாதாரணத் துடைப்பம் தூசைக் காற்றில்தான் கிளப்பும். ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்யூம் நல்லது.

வெள்ளத் தண்ணீர் புகுந்தால்?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாம்பரம் அருகே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி வரும் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அதில் ஊறிய கெட்டி கார்ப்பெட்டை மனம் கேட்காமல் வைத்துக்கொள்ளாதீங்க, தூக்கிப் போடுவதே உடம்புக்கு நல்லது. முழுதாகத் துவைத்து உலர்த்தக்கூடிய பருத்தி விரிப்பை மட்டும் காப்பாற்றப் பார்க்கலாம்.

புதுசா வாங்கப் போறீங்களா?

கடையில் டிசைனைப் பார்க்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'இதை என் வீட்டில் எங்கே காயவைப்பேன்?' பதில் இல்லை என்றால் கெட்டியான கார்ப்பெட் வேண்டாம்.

ஈரோடு மாவட்டத்தின் பவானி ஜமக்காளம் இங்கே கைகொடுக்கும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தறி விரிப்பில் குச்சம் போன்ற இழைகள் கிடையாது. அதனால் மணல் ஒளிய இடம் குறைவு, உதறினால் போய்விடும். பருத்தி ரகத்தைத் துவைக்கலாம், கொடியில் போடலாம்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், பூட்டிய அறையில் கார்ப்பெட்டை விரித்தபடி விட்டுவிட்டுப் போக வேண்டாம். சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்த பிறகு மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டியிலோ பெட்ஷீட்டிலோ பொதிந்து, தரையில் படாமல் கட்டில் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். அது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது.