உங்க ‘டாப் 5’ என்ன? ஆபீஸ் டெஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டொனால்டு கிளிப்டன் கதை

அப்ரைசல் மீட்டிங்னாலே அதுக்கு ஒரு ஃபார்மேட் இருக்கு. நல்லா பண்ணின வேலையைப் பத்தி ரெண்டு நிமிஷம். மீதி நேரம் முழுக்க ‘இம்ப்ரூவ் பண்ண வேண்டியவை’. இந்தக் கணக்கையே தலைகீழாகப் போட்டுப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் டொனால்டு கிளிப்டன். சில ஆபீஸ்களில் ஹெச்.ஆர் மெயிலில் லிங்க் அனுப்பி எடுக்கச் சொல்லும் ‘கிளிப்டன்ஸ்ட்ரென்த்ஸ்’ டெஸ்ட், இவர் பெயரில் இருப்பதுதான்.

யார் இவர்?

1924-ல் நெப்ராஸ்கா மாகாணத்தில் பியூட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் நேவிகேட்டர். வீரப் பதக்கமும் வாங்கியிருக்கிறார். போர் முடிந்ததும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, பிறகு கல்வி உளவியலுக்கு மாறி, அங்கேயே பேராசிரியரானார்.

அந்தக் காலத்து உளவியல் பெரும்பாலும் நோய், பயம், மனச்சிதைவு என்று மனிதரிடம் எது பழுதாகியிருக்கிறது என்பதையே தேடிக்கொண்டிருந்தது. மனிதரிடம் எது சரியாக இருக்கிறது என்று ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்பது கிளிப்டனின் கேள்வி. இன்னைக்கு இது மோட்டிவேஷன் ரீல்ஸ் மாதிரி தோணலாம். 1950-களில் ஒரு ஆராய்ச்சியாளர் இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது சாதாரண விஷயமில்லை.

யாருக்கு அதிக பலன்?

அவர் அடிக்கடி சுட்டிக்காட்டிய ஒரு ஆய்வு, நெப்ராஸ்காவில் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த வேக வாசிப்புப் பயிற்சி. சுமாராக வாசித்தவர்கள் நிமிடத்துக்கு 90 சொற்களில் இருந்து 150-க்கு வந்தார்கள். ஏற்கெனவே 350 சொற்கள் வாசித்தவர்களோ 2,900-ஐத் தொட்டார்கள். அதாவது, ஒரே பயிற்சியில் நன்றாக வாசித்தவர்களுக்குத்தான் பெரிய லாபம்.

ரெண்டு விஷயத்தை இங்க நிறுத்தி யோசிக்கணும். ஒன்று, 2,900 என்பது நம்பச் சிரமமான எண். பெரியவர்களே ஆங்கிலத்தில் சாதாரணமாக நிமிடத்துக்கு 200 முதல் 300 சொற்கள்தான் வாசிக்கிறார்கள். அந்த வேகத்தில் போனால் பக்கத்தை மேய்வதுதான் நடக்கும், புரிந்து படிப்பது கஷ்டம். இன்னொன்று, ஏற்கெனவே முன்னால் இருப்பவருக்கே பயிற்சி அதிகம் பலன் தருகிறது என்றால், பின்தங்கிய மாணவரை என்ன செய்வது? ஒரு கம்பெனி இதை லாபக் கணக்காகப் பார்க்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர் அப்படிப் பார்க்க முடியாது. இந்தக் கேள்விக்கு ‘பலம்’ பற்றிய புத்தகங்கள் நேராகப் பதில் சொல்வதே இல்லை.

34 தலைப்பு, 5 லேபிள்

1969-ல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து ‘செலக்‌ஷன் ரிசர்ச்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு வேலையில் டாப்பில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பேட்டி எடுப்பார்கள். அதை வைத்து, வேலைக்கு ஆள் எடுப்பதற்கான கேள்விகளை உருவாக்குவார்கள். 1988-ல் இந்த நிறுவனம், கருத்துக்கணிப்புக்குப் பேர்போன கேலப்பையே விலைக்கு வாங்கியது!

பல வருஷப் பேட்டிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த குணங்களை 34 தலைப்புகளாகச் சுருக்கி, ஆன்லைன் டெஸ்ட் ஆக்கினார்கள். மொத்தம் 177 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 விநாடிதான். யோசிச்சு ‘நல்ல பிள்ளை’ பதில் சொல்லக் கூடாதாம்! முடிவில் உங்கள் ‘டாப் 5’ வரும். அதே 5, அதே வரிசையில் இன்னொருவருக்கு அமைய, கணக்குப்படி 3.3 கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள் உண்டு. டெஸ்ட் எடுத்தவர்களின் எண்ணிக்கையும் 3 கோடியைத் தாண்டிவிட்டது.

2003-ல் கிளிப்டன் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் அமெரிக்க உளவியல் சங்கம் அவரை ‘பலம் சார்ந்த உளவியலின் தந்தை’ என்று கௌரவித்தது. பேரன் டாம் ராத்துடன் சேர்ந்து எழுதிய ‘ஹவ் ஃபுல் இஸ் யுவர் பக்கெட்’ அவர் மறைவுக்குப் பின் வந்து பெரிய ஹிட் ஆனது.

ரிசல்ட்டை எப்படிப் படிப்பது?

இந்த டெஸ்ட் உங்களுக்குள் இருக்கும் குணங்களைத்தான் வரிசைப்படுத்துகிறது. ‘எம்பதி’ உங்களுக்கு 1-ம் இடத்திலும் பக்கத்து சீட்காரருக்கு 20-ம் இடத்திலும் வந்தால், அவரைவிட நீங்கள் இரக்கசாலி என்று அர்த்தமில்லை. டீம் மீட்டிங்கில் லேபிளை ஒட்டி ஆளை எடைபோடுவது இந்த இடத்தில்தான் தப்பாகிறது.

டெஸ்ட் காட்டுவது திறமையின் விதையை மட்டும்தான் என்பது கிளிப்டனின் கோட்பாடு. அறிவு, பயிற்சி, நேரம் எல்லாம் போட்டால்தான் அது பலமாகும். பலவீனத்தையும் அவர் மறக்கச் சொல்லவில்லை. வேலையைக் கெடுக்காத அளவுக்கு அதைச் சமாளிக்க வேண்டும்: ஒரு செக்லிஸ்ட் வைத்துக்கொள்ளலாம், அதில் கெட்டிக்காரரான சக ஊழியரைத் துணைக்குச் சேர்க்கலாம்.

முக்கியமா ஒண்ணு. ஆள் தேர்வில் தொடங்கியவர் கிளிப்டன் என்றாலும், இந்த டெஸ்ட்டை வைத்து வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது என்று கேலப்பே சொல்கிறது. இன்டர்வியூவில் ‘டாப் 5’ கேட்டால், அதைச் சொல்லித் தாராளமாகக் காரணம் கேட்கலாம்.