தாயும் ஆசிரியைதான்!

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு திடீர் என்று பெற்றோர் மீது விழுந்தது.

சிவகாசி வட்டாரத்தில் பல தாய்மார்கள் பயந்துபோனார்கள். காரணம் உண்டு. ஒரு காலத்தில் பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டப் போன சிறுமிகள் இங்கே ஏராளம். அவர்களில் பலர் இன்று தாய்மார்கள். படிக்காதவள் எப்படிப் பாடம் சொல்லுவது?

பயம் வேண்டாம்

கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டம் வந்தது. தன்னார்வலர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாலை வகுப்பு நடத்தினார்கள்.

தாயும் சொல்லிக்கொடுக்கலாம். சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் சுவரில் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழித்ததும் தேதியையும் கிழமையையும் பிள்ளை வாசிக்கட்டும். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு வைத்தால் கணக்கு வந்துவிடும்.

தெரியாததைப் பிள்ளையிடமே கேட்கலாம். தாய்க்கு விளக்கிச் சொல்லும்போது பிள்ளைக்கும் பாடம் பதியும். தாயும் நாலு எழுத்து கற்பாள்.

இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. ஆனாலும் தினமும் அரைமணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். அன்று பசை தடவிய கை, இன்று புத்தகத்தைப் புரட்டட்டும்!