எல்லாக் குலையையும் நுங்காகவே வெட்டணுமா?

பேங்க் வேலையில் இருந்தவரை, பல்லடம் ரோட்டோரம் நுங்கு வாங்கித் தின்றதோடு சரி. இப்போ காட்டு வரப்பில் 11 பனை. அதில் 6 ஆண் பனை, காய்க்காது.

நுங்கில் பெரும்பகுதி தண்ணீர்தான். சித்திரை வெயிலுக்கு நல்லதுங்க. மருந்துன்னு சொல்ல மாட்டேன். பனம்பழம் வேற சங்கதி. அந்த மஞ்சள் சதையில் பீட்டா கரோட்டின் இருக்கு. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். நார்ச்சத்தும் உண்டு. இனிப்பும் உண்டு, என்னை மாதிரி சர்க்கரைக்காரர் அளவாகச் சாப்பிடணும்.

போன வருசம் எல்லாக் குலையையும் நுங்கு வியாபாரிக்கு விட்டேன். ஆவணியில் ஒரு பழம்கூட விழவில்லை. கிழங்கு போடக் கொட்டையும் இல்லை, கன்றும் இல்லை. வட்டிக்கு ஆசைப்பட்டு அசலை விட்ட கணக்கு.

இந்த வருசம் மரத்துக்கு 2 குலை பழுக்க விட்டிருக்கேன். கொட்டை முளைத்துக் காய்ப்புக்கு வர 12, 15 வருசம் ஆகும். எனக்கு வயசு 66.